மூணு நிமிஷமும் ஒரு படிவமும்: ஒஹாயோ மாடிசன் பள்ளி வாரிய வழக்கு

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நம்மவர்களில் பெரும்பாலோர் ஸ்கூல் போர்டு கூட்டத்தை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். பள்ளி எல்லையை மாற்றி வரைகிறார்கள், அடுத்த வருஷம் நம் தெருப் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போகணும் என்று வாட்ஸாப்பில் செய்தி பறந்த பிறகுதான் "போர்டா, அது எங்கே கூடுது?" என்று தேடுவோம். நானும் அப்படித்தான் முதல்முறை போனேன். வாசல் மேசையில் சின்னச் சீட்டுகள் அடுக்கியிருந்தன: பெயர், முகவரி, எதைப் பற்றிப் பேச்சு. பேசும் இடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு. வீட்டில் கண்ணாடி முன் வாசித்தபோது மூன்று நிமிடத்துக்குள் முடிந்த இரண்டு பக்கம், அங்கே மஞ்சள் விளக்கு எரியும்போது முதல் பக்கத்தின் கடைசி வரியிலேயே நின்றது. மேடையில் இருந்த ஏழு பேரும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் "நன்றி, அடுத்தவர்" என்றார், அவ்வளவுதான்.

வயிறெரிந்து வீட்டுக்கு வந்தேன். அந்த எரிச்சலில் இந்தக் கூட்டங்களின் விதிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்து, கடைசியில் ஒஹாயோ மாநிலத்து வழக்கு ஒன்றில் வந்து நின்றேன். சட்டக்காரர்கள் அதைப் பேச்சுரிமை வழக்கு என்பார்கள். எனக்கென்னவோ அதில் பேச்சைவிட வாசல் மேசைதான் முக்கியமாகப் பட்டது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இந்த போர்டு என்பது என்ன என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஹவாய் மட்டும் விதிவிலக்கு, அந்த மாநிலம் முழுக்க ஒரே மாவட்டம். பெரும்பாலான இடங்களில் ஐந்து, ஏழு அல்லது ஒன்பது பேர் கொண்ட வாரியம், அவர்களை உள்ளூர் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்ஜெட், மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்ட் நியமனம், பள்ளி எல்லை, பாடப்புத்தகம் எல்லாம் அவர்கள் கையில். இந்த நாட்டில் ஒரு சாதாரண ஆள் மைக் முன்னால் நின்று, தன் பிள்ளையைப் பற்றி முடிவெடுப்பவர்களிடம் நேருக்கு நேர் பேசக்கூடிய சில இடங்களில் இதுவும் ஒன்று. அந்த நேரத்துக்குப் பொதுமக்கள் கருத்து நேரம் என்று பெயர்.

மாடிசன் லோக்கல் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஒஹாயோவின் தென்மேற்கில், பட்லர் கவுண்டியில் இருக்கிற சின்ன மாவட்டம். 2016 பிப்ரவரி 29 அன்று அங்குள்ள பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் 14 வயது மாணவன் ஒருவன் துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். நான்கு மாணவர்களுக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, 2018 பிப்ரவரி 14 அன்று ஃப்ளோரிடாவின் பார்க்லாண்டில் 17 பேர் கொல்லப்பட்டார்கள், நாடு முழுக்கப் பள்ளிப் பாதுகாப்பு பற்றி எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில்தான், 2018 ஏப்ரலில், மாடிசன் வாரியம் ஒரு தீர்மானம் போட்டது: தேர்ந்தெடுத்த சில ஊழியர்கள் பள்ளிக்குள் மறைவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஊர் இரண்டுபட்டது. ஏற்கெனவே ஒருமுறை குண்டுச் சத்தம் கேட்ட ஊர் அது, இரண்டு பக்கமும் பயந்தவர்கள்தான். ஆசிரியரிடம் துப்பாக்கி இருந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று ஒரு தரப்பு, துப்பாக்கி இருப்பதே ஆபத்து என்று இன்னொரு தரப்பு. எதிர்த்தவர்களில் ஒருவர் 2018 மே மாதக் கூட்டத்துக்கு வந்தார். முறைப்படி பதிவு செய்தவர். வாரியம் பயத்தைக் காட்டி ஒரு துப்பாக்கி ஆதரவு அரசியலை உள்ளே கொண்டுவருகிறது, தன் உண்மையான நோக்கத்தைச் சொல்லவில்லை என்ற ரீதியில் பேசினார். கூட்டத் தலைவர் இடைமறித்தார், பகைமையோடு பேசுகிறீர்கள் என்றார். அவர் நிறுத்தவில்லை. நேரம் முடிவதற்குள் அவரை அரங்கத்தை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தின் வீடியோ இருக்கிறது என்பதுதான் இந்த வழக்கின் அதிர்ஷ்டம். கத்தல் இல்லை, மேசையைத் தட்டவில்லை, யாரையும் கெட்ட வார்த்தையில் திட்டவில்லை. நிதானமான குரல். பின்னாளில் நீதிமன்றமும் அதைப் பார்த்துவிட்டு அப்படித்தான் எழுதியது. அதாவது அவர் தொனியில் பகைமை இல்லை, அவர் சொன்ன விஷயம்தான் வாரியத்துக்குப் பகையாக இருந்தது. வழக்கு முழுக்க இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

வாரியத்தின் விதி என்ன சொன்னது? பேச்சு "மிக நீளமாக, தனிப்பட்ட நபரை நோக்கியதாக, வசைபாடுவதாக, தலைப்பை விட்டு விலகியதாக, பகைமையாக, ஆபாசமாக, பொருத்தமற்றதாக" இருந்தால் தலைவர் இடைமறிக்கலாம், எச்சரிக்கலாம், நிறுத்தலாம். மேலோட்டமாகப் படித்தால் இதில் என்ன தப்பு என்றுதான் எனக்கும் தோன்றியது. சபை நாகரிகம் என்று ஒன்று வேண்டாமா? ஆனால் அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். நீளம், தலைப்பு, பொருத்தம் இவையெல்லாம் எந்தப் பக்கம் பேசுபவருக்கும் ஒன்றுதான். ஆதரித்துப் பேசுகிறவரும் பத்து நிமிடம் இழுத்தால் நிறுத்தலாம். "பகைமை", "வசை", "தனிப்பட்ட நபரை நோக்கி" இவை அப்படி இல்லை. "தலைவர் அவர்களே, உங்கள் துணிச்சலைப் பாராட்டுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அதுவும் தனிப்பட்ட நபரை நோக்கியதுதானே? அவரை யார் நிறுத்துவார்கள்? பாராட்டுக்குத் திறந்திருக்கும் மைக், குறை சொன்னால் மூடிக்கொள்கிறது.

பேச்சுரிமை பறிக்கப்பட்டது என்று அவரும் வேறு சிலரும் வாரியத்தின் மீது வழக்குப் போட்டார்கள். கீழமை நீதிமன்றம் வாரியத்துக்குச் சாதகமாகத்தான் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டில், 2021 ஜூலை 7 அன்று, ஆறாவது சர்க்யூட் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பாதி புரட்டிப்போட்டது. வாரியம் தானாகக் கதவைத் திறந்து மக்களைப் பேசவிட்டால், எத்தனை நிமிடம், எந்த வரிசை, எந்தத் தலைப்பு என்று கட்டுப்பாடு வைக்கலாம். ஆனால் கருத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து வாயை மூட முடியாது. அந்த மூன்று சொற்களும் செல்லாது என்றது. 2017-இல் வந்த மாட்டல் எதிர் டாம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் இதற்கு அடித்தளம். அது ஒரு ராக் இசைக்குழு தன் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்யப் போன கதை. ஆசிய அமெரிக்கர்கள் சேர்ந்த குழு, ஆசியர்களைக் கேலி செய்யும் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டார்கள். இழிவுபடுத்தும் சொல், பதிவு கிடையாது என்றது அரசு. மனதைப் புண்படுத்துவதும் ஒரு கண்ணோட்டம்தான், அதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். ராக் இசைக்குழுவின் பெயர்ப் பிரச்சினை நான்கு வருஷத்தில் ஒஹாயோ பள்ளிக் கூட்டத்துக்கு வந்து நின்றதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

சரி, ஜெயித்துவிட்டார்கள் என்று கைதட்டிவிட்டுப் போய்விடலாம். பெரும்பாலான செய்திகளும் அங்கேயே முடிந்துவிட்டன. ஆனால் தீர்ப்பின் இன்னொரு பாதி இருக்கிறது.

அப்போது மாடிசனில் பேச வேண்டும் என்றால், கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு வேலை நாள் முன்னால், அலுவலகத்துக்கு நேரில் போய், புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி, படிவம் நிரப்பித் தர வேண்டியிருந்தது. மின்னஞ்சல் கூடாது, இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பக் கூடாது. நேரில் வந்து படிவம் தராததால் வேறு சிலருக்குப் பேசும் வாய்ப்பே கிடைக்கவில்லை. அவர்களும் இதே வழக்கில் இருந்தார்கள். இந்த விதியை நீதிமன்றம் தொடவில்லை. ஆதரவாளருக்கும் எதிர்ப்பாளருக்கும் ஒரே படிவம், யார் எந்தப் பக்கம் என்று அது பார்ப்பதில்லை, கூட்டத்தை ஒழுங்காக நடத்த வாரியத்துக்கு இப்படி ஒரு ஏற்பாடு தேவை, ஆகவே செல்லும்.

சட்டப்படி சரிதான், மறுக்கவில்லை. ஆனால் யார் மீது இது விழுகிறது என்று யோசியுங்கள். கிடங்கில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர் பகலில் அலுவலக நேரத்துக்கு லீவு போட்டு வர வேண்டும், ஒரு படிவத்துக்காக. அப்புறம் கூட்டத்தன்று மாலை மறுபடி ஒருமுறை, மூன்று நிமிடத்துக்காக. வீட்டிலிருந்து வேலை செய்கிற, கார் வைத்திருக்கிற ஒருவருக்கு அது சும்மா போய்வரும் தூரம். பேசத் தொடங்கியபின் தடுத்தால் வீடியோ இருக்கும், வழக்குப் போடலாம். படிவத்தில் தடுக்கப்பட்டவருக்கு வீடியோ ஏது? வார்த்தையில் ஜெயித்த அதே ஆட்கள் வாசலில் தோற்றார்கள்.

இதே கதை இன்னொரு முகத்தோடு ஃப்ளோரிடாவில் நடந்தது. கேப் கனவெரல் இருக்கிற ப்ரெவார்ட் கவுண்டி. அங்கே வழக்குப் போட்டது மாம்ஸ் ஃபார் லிபர்ட்டி என்ற வலதுசாரிப் பெற்றோர் அமைப்பின் கிளை. அரசியலில் மாடிசன்காரர்களுக்கு நேர் எதிர். ஆனால் வாரியத்தின் விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் அதே வாசகம், "தனிப்பட்ட நபரை நோக்கி, வசைபாடும், ஆபாசமான". தலைவர் அதை வைத்து ஆட்களை நிறுத்தியிருந்தார். பள்ளி நூலகத்தில் இருக்கும் ஒரு புத்தகத்திலிருந்து ஒருவர் சில வரிகளை வாசிக்க, சிறுவர் கேட்கத் தகாதது என்று அதையும் நிறுத்தினார்கள். பதினொன்றாவது சர்க்யூட் நீதிமன்றம் 2024 அக்டோபர் 8 அன்று வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது இந்த இடத்தில் கொஞ்சம் கிண்டலாகவே எழுதியது: தொடக்கப்பள்ளி நூலகத்தில் பிள்ளைகள் எடுத்துப் படிக்கலாமாம், பெரியவர்கள் கூட்டத்தில் வாசிக்கக் கூடாதாம்.

அந்த அமைப்பின் அரசியல் எனக்கு ஒத்துவராது. இருந்தாலும் அந்தத் தீர்ப்பைப் படித்தபோது ஒரு நிம்மதி வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஒஹாயோவில் துப்பாக்கியை எதிர்த்தவருக்குக் கிடைத்த அதே பாதுகாப்பு இது. ஒரு பக்கத்துக்கு மட்டும் உதவும் விதி என்றால் அடுத்த தேர்தலில் தலைவர் நாற்காலி மாறியதும் அதே விதி திரும்பி நம்மைக் கடிக்கும்.

வாரியங்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 2021 கோடையும் இலையுதிர்காலமும் இந்தக் கூட்டங்களில் எப்படிப் போயின என்று நினைவிருக்கிறதா? முகக்கவசம், இனவெறி பற்றிய பாடங்கள், திருநர் மாணவர் கொள்கை என்று எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தது. வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டியில் ஜூன் 22 கூட்டத்துக்கு 250 பேருக்கு மேல் பேசப் பதிவு செய்திருந்தார்கள். கூச்சல் முற்றி, வாரியம் பொதுமக்கள் கருத்து நேரத்தைப் பாதியில் நிறுத்த, சட்டவிரோதக் கூட்டம் என்று அறிவித்து அரங்கத்தைக் காலி செய்தார்கள். உறுப்பினர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் அங்கே வந்து உட்காருகிறவர்கள், பல மாநிலங்களில் அதற்குச் சம்பளமும் கிடையாது, இருந்தாலும் சொற்பம். ஆனால் அவர்களின் தேசியச் சங்கம் செப்டம்பர் 29 அன்று அதிபர் பைடனுக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் செயல்களில் சில உள்நாட்டுப் பயங்கரவாதத்துக்குச் சமமாக இருக்கலாம் என்று ஒரு வார்த்தையை விட்டது. நெருப்பில் எண்ணெய். மாநிலச் சங்கங்கள் பல கழன்றுகொண்டன, அக்டோபர் 22 அன்று தேசியச் சங்கம் அந்த மொழிக்காக மன்னிப்புக் கேட்டது. மிரட்டுகிறவனைத் தண்டிக்க ஏற்கெனவே சட்டம் இருக்கிறது; குரல் உயர்த்துகிற அம்மாவையும் அவனையும் ஒரே கூடையில் போட்டதுதான் தவறு.

மாடிசனுக்குத் திரும்புவோம். இவ்வளவு வழக்கும் நடந்த பிறகு அந்தத் துப்பாக்கிக் கொள்கை என்ன ஆனது? மைக்கில் பேசி அது மாறவில்லை. வேறு சில பெற்றோர்கள் தனி வழக்குப் போட்டார்கள், அதில் பேச்சுரிமை என்ற சொல்லே இல்லை. பள்ளியில் ஆயுதத்தோடு இருக்கும் ஊழியருக்கு முழுக் காவலர் பயிற்சி வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறதே, இவர்கள் சில நாள் பயிற்சியோடு விடுகிறார்களே என்பது மட்டும்தான் கேள்வி. முழுப் பயிற்சி என்றால் 700 மணி நேரத்துக்கு மேல். 2021 ஜூன் 23 அன்று ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பேச்சுரிமைத் தீர்ப்புக்குச் சரியாக இரண்டு வாரம் முன்னால். ஒரே மாவட்டம், ஒரே கொள்கை, இரண்டு வாரத்தில் இரண்டு தோல்வி.

அதுவும் நிலைக்கவில்லை. மாநிலச் சட்டமன்றம் சட்டத்தையே மாற்றியது. 2022 ஜூனில் ஆளுநர் டிவைன் கையெழுத்திட்ட மசோதா 99, தொடக்கப் பயிற்சியாக மாநிலம் கட்டாயமாக்கக் கூடியது 24 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. வாரியம் கூடுதலாகக் கேட்டுக்கொள்ளலாம், அது அவர்கள் இஷ்டம். ஆக, ஆயுதம் வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு சுற்றிச் சுற்றி மறுபடி அந்த உள்ளூர் மேசைக்கே வந்து சேர்ந்தது. அந்த மேசை முன்னால் பேச வேண்டும் என்றால் படிவம் வேண்டும்.

நம்மவர்கள் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்று கேட்டால், முதலில் ஒன்று: போர்டு கூட்டத்தில் பேசுவது எல்லா மாநிலத்திலும் உரிமை என்று நினைத்துவிடாதீர்கள். அரசியல் சாசனம் உங்களைப் பேசவிடத்தான் சொல்கிறது, யாரையும் கேட்கச் சொல்லவில்லை. 1984-இலேயே உச்ச நீதிமன்றம் மின்னசோட்டா வழக்கு ஒன்றில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒஹாயோவின் திறந்த கூட்டச் சட்டம் வந்து உட்காரும் உரிமையைத் தருகிறது, பேசும் உரிமையைத் தரவில்லை. கலிஃபோர்னியா வேறு மாதிரி. 1953-இல் வந்த பிரவுன் சட்டம் அங்கே பேசவும் இடம் தருகிறது, வாரியத்தின் கொள்கையையும் நடைமுறையையும் விமர்சிப்பதைத் தடுக்கக் கூடாது என்று எழுத்திலேயே இருக்கிறது, வழக்கமான கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னதாக ஒட்ட வேண்டும். டெக்ஸாஸ் 2019-இல்தான் நிரலில் உள்ள விஷயத்தைப் பற்றிப் பேசும் உரிமையைச் சட்டமாக்கியது.

இந்த இரண்டு மாநிலத்திலும் நம் ஆட்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினால் பொதுவாக இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும். ஊரிலிருந்து வந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, பள்ளிப் பேருந்து நிற்கிற இடத்தில் தினமும் நிற்பவர் அவர்தான், அங்கே என்ன ஆபத்து என்று அவருக்குத் தெரியும்; தமிழிலேயே பேசலாம், பக்கத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் சொல்லலாம், மூன்று நிமிடம் ஆறு நிமிடமாகும்.

அப்புறம் அந்தக் கல் முகம். அது அவமதிப்பு என்று நினைத்துத்தான் நான் அன்று கொதித்தேன். பல மாநிலங்களில் நிரலில் இல்லாத விஷயத்தை வாரியம் விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது, ஏனென்றால் அதைப் பற்றி முன்னறிவிப்பு போகவில்லை, அக்கறையுள்ள மற்றவர்கள் வந்திருக்க மாட்டார்கள். நம்மைக் காக்க வந்த விதிதான் அன்று என் முன்னால் சலனமில்லாத முகமாக உட்கார்ந்திருந்தது. ஆகவே நிரலை முன்னாலேயே பார்த்து, விஷயம் எந்த எண்ணில் வருகிறது, விவாதத்துக்கா ஓட்டெடுப்புக்கா என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். ஓட்டெடுப்பு நாளில் போவது கிட்டத்தட்டத் தாமதம். திட்டத்தை முதன்முதலாக முன்வைக்கும் முதல் வாசிப்பு நாளில், எல்லைக் குழுவின் சின்னக் கூட்டத்தில், பத்தே பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் பேசினால் எடுபடும். முழுமையாக எழுதிய கடிதத்தை முந்தின நாளே உறுப்பினர்களுக்கு அனுப்பிவிட்டு, மைக்கில் அதன் ஒரு பத்தியை மட்டும் சொல்லுங்கள்.

இரண்டாவது முறை நான் அப்படித்தான் போனேன், ஒரே பக்கத்தோடு. அந்த மாவட்டத்தில் இப்போது வாசல் சீட்டு இல்லை, பதிவு இணையத்தில், முந்தின நாள் நண்பகலோடு மூடிவிடுகிறார்கள். நான் பதினொன்றே முக்காலுக்குப் பதிவு செய்தேன். எங்கள் தெருவில் கடைசி வீட்டு அக்கா மருத்துவமனையில் பகல் ஷிஃப்ட், அவர் கையில் போன் வந்தபோது மணி மூன்று. அடுத்த நாள் மாலை யூனிஃபார்மோடு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய பையன் புதுப் பள்ளிக்குப் போக நான்கு வழிச் சாலையைக் கடக்க வேண்டும், சிக்னல் எத்தனை விநாடி எரிகிறது என்று போனை வைத்து எண்ணி எழுதிக் கொண்டு வந்திருந்தார். என் பேச்சில் அது இல்லை. கூட்டம் முடியும்வரை அந்தக் காகிதம் நான்காக மடித்தபடி அவர் மடியிலேயே இருந்தது.